மெயில் பெட்டியில் இருக்கிற மெயில் தேடினால் வருவதில்லை: இண்டெக்ஸை எவ்வளவு தூரம் நம்பலாம்?

தோப்புக்கணக்கு (கொழிஞ்சாம்பாறை) | செவ்வாய், காலை 10:40

எல்லாருக்கும் வணக்கம்ங்க. தேங்காய், தென்னை நார் வியாபாரம் செய்கிற இடத்தில் கணக்கு பார்க்கிறேன். முதலாளிக்கு இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு குடோன், அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் ஒரு குடோன். ரெண்டு மாநிலம், அதனால் ரெண்டு ஜிஎஸ்டி பதிவு. 32-ல் தொடங்குவது கேரளா, 33-ல் தொடங்குவது தமிழ்நாடு. எல்லையோரத்தில் நம்மிடம் கொள்முதல் செய்கிற பலருக்கும் இதே கதைதான்.

ஆடிட்டர் ஒரு பார்ட்டியின் பான் எண்ணைக் கொடுத்து, "இவங்களோட 2021-22 பில் மெயில் அத்தனையும் வேணும்" என்றார். கம்ப்யூட்டரில் போட்டிருக்கும் மெயில் மென்பொருளின் தேடல் பெட்டியில் பான் எண்ணைப் போட்டேன். ஒன்றுமே வரவில்லை. அப்புறம் பார்ட்டி பெயரில் தேடி, வரிசையாக உருட்டிப் பார்த்தால் மெயில் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஜிஎஸ்டி எண் இருக்கிறது, அதற்குள்ளேயே அந்தப் பான் எண்ணும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது தேடலுக்குத் தெரியவில்லை.

பில் எண்ணிலும் இதே கூத்து. கேஎல்/21-22/0187 என்ற பில்லை 187 என்று தேடினால் வராது, 0187 என்றால் வரும். 21-22/0187 என்று முழுசாகப் போட்டால் சம்பந்தமில்லாத பில்லெல்லாம் கூடவே வந்து நிற்கிறது.

மென்பொருள் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் "அதைத் தூக்கிப் போட்டுட்டு இதுக்கு மாறுங்க" என்று இழை வேறு பக்கம் போய்விடும். என் கேள்வி ஒன்றுதான். தேடல் "இல்லை" என்று காட்டினால், அதை ஆடிட்டரிடம் "இல்லை" என்று சொல்லலாமா?

---

வேலந்தாவளம்_பஸ் | செவ்வாய், காலை 11:02

பிரவுசர்ல போய் ஜிமெயில்ல தேடுங்க. முடிஞ்சது வேலை.

---

பழைய_யூனிகோடன் (பாலக்காடு) | செவ்வாய், மதியம் 1:15

முடியாது. ஜிமெயிலும் முழுச் சொல்லைத்தான் தேடும், சொல்லின் நடுத்துண்டைத் தேடாது. இடம் மாறினாலும் வியாதி அதேதான்.

தோப்புக்கணக்கு, உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: சொல்லக் கூடாது. தேடல் "இல்லை" என்றால் "என்னுடைய இண்டெக்ஸில், நான் வெட்டி வைத்திருக்கும் வடிவத்தில், இல்லை" என்று பொருள். மெயிலுக்குள் அது எட்டிக்கூடப் பார்த்திருக்காது.

கனத்த புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு போட்டிருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தேடுகிறவர் புத்தகத்தைப் படிப்பதில்லை. அடைவைத் தயாரித்தவர் எதைச் சொல் என்று எடுத்தாரோ அது மட்டும்தான் கிடைக்கும். மெயில் வந்ததும் மென்பொருள் அதன் எழுத்தை எடுத்து, இடைவெளி, கமா, சாய்கோடு வருகிற இடங்களில் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் "இது இந்த இந்த மெயிலில் வருகிறது" என்று பட்டியல் போடுகிறது. துண்டுகள் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். ஆகவே சொல்லின் தொடக்கத்தை வைத்துத் தேடுவது சுலபம். நடுவில் என்ன இருக்கிறது என்று தேட அந்த அடுக்கு உதவாது.

இப்போது உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். மொத்தம் 15 எழுத்து. முதல் 2 மாநிலக் குறியீடு, அடுத்த 10 பான் எண், கடைசியில் 3. நடுவில் இடைவெளியே கிடையாது. இண்டெக்ஸுக்கு அது ஒரே சொல், அதன் மூன்றாவது எழுத்தில் தொடங்கும் பான் எண் என்று தனியாக எதுவும் இல்லை. நாமோ அதைப் பான் என்றே படிக்கிறோம். சிக்கல் அங்கேதான்.

பில் எண் நேர் எதிர். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், கோடும் சாய்கோடும் வரலாம். எல்லாரும் இரண்டையும் தாராளமாகப் போடுகிறார்கள். இண்டெக்ஸ் அதே இடங்களில் வெட்டிவிடுகிறது. கேஎல், 21, 22, 0187 என்று நாலு துண்டு. 21-ம் 22-ம் எந்த மெயிலில்தான் இல்லை? 0187 ஒரு சொல், 187 வேறு சொல்.

உடனே வேலை ஆக வேண்டுமென்றால்: ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடும் வசதி இருக்கிறது. அந்தப் பானில் எந்தெந்த மாநிலத்தில் என்னென்ன பதிவு என்று முழு எண்ணாகவே காட்டும். அந்த 15 எழுத்தையும் அப்படியே மெயில் தேடலில் போடுங்கள்.

---

தோப்புக்கணக்கு | செவ்வாய், மாலை 4:30

வந்துருச்சுங்க சார்! 33-ல் தொடங்குகிற எண்ணைப் போட்டதும் கொட்டுகிறது. 32-லும் இருக்கிறது.

ஆனால் இது சுற்றி வளைத்துப் போகிற வழிதானே? எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தேடுகிற வசதியே இல்லையா? மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை, டீ குடித்துவிட்டு வருகிறேன்.

---

பழைய_யூனிகோடன் | செவ்வாய், இரவு 9:05

இருக்கிறது, மறைந்து கிடக்கிறது.

தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் மூன்று தேடல்கள் உண்டு. பலருக்கு ஒன்றுதான் தெரியும். மேலே இருக்கிற பெரிய பெட்டி 2009-ல் பதிப்பு 3 வந்தபோது சேர்ந்த உலகளாவிய தேடல். உள்ளே அதற்குக் குளோடா என்று பெயர், எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் வைத்திருக்கும். இரண்டாவது, மெயில் பட்டியலுக்கு மேலே வரும் விரைவு வடிகட்டி. அது திறந்திருக்கும் கோப்புறைக்கு மட்டும். மூன்றாவது, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் அழுத்தினால் வரும் பழைய தேடல் சாளரம். அதில் "மெயில் உடல்", "உள்ளடக்கியது" என்று தேர்ந்தெடுத்தால் மென்பொருள் ஒவ்வொரு மெயிலாகத் திறந்து எழுத்துத் தொடரைப் பார்க்கும். ஜிஎஸ்டி எண்ணின் வயிற்றுக்குள் இருக்கும் பானையும் பிடிக்கும். "சர்வரில் தேடு" என்ற பெட்டியில் மட்டும் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் வேலையை சர்வரிடம் தள்ளிவிடும், அங்கே என்ன விதியோ அதுதான்.

பழைய (கிளாசிக்) அவுட்லுக் 2007-லிருந்து தேடலை விண்டோஸின் சொந்தத் தேடலான விண்டோஸ் சர்ச்சிடம் ஒப்படைத்துவிட்டது. அது சொல்லின் தொடக்கத்தைப் பிடிக்கும், நடுவைப் பிடிக்காது. முன்னால் நட்சத்திரக் குறி போட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு, பயன் இல்லை.

இவை எதுவும் கோளாறு அல்ல, வடிவமைப்பே அப்படி. என் குறை வேறு. முடிவுப் பக்கத்தில் "முழுச் சொற்களில் மட்டும் பார்த்தேன், எழுத்து வாரியாகத் தேடவா?" என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தால் இந்த இழையே வந்திருக்காது. வெறும் பூஜ்யத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருப்பது எனக்கு எரிச்சல்.

---

செங்கோட்டைப்_பாசஞ்சர் (ஆரியங்காவு) | புதன், காலை 7:20

கொஞ்சம் மறுத்துப் பேசலாமா?

எல்லாரும் இண்டெக்ஸைத் திட்டுகிறீர்கள். அது இல்லாத காலத்தில் மெயில் தேடினவன் நான். சின்னப் பெட்டியிலேயே ஒரு சொல்லுக்கு நிமிஷக்கணக்கில் காத்திருப்போம். இன்றைக்கு அவனவன் பெட்டி பத்து, இருபது ஜிபி. எழுத்து வாரியாகத் தேடினால் ஹார்டு டிஸ்க் இருக்கிற கம்ப்யூட்டரில் பாதி காலை போய்விடும். இண்டெக்ஸ் இருப்பதால்தான் கண் மூடித் திறப்பதற்குள் வருகிறது.

அதோடு, பார்ட்டிக்கு ஒரு கோப்புறை, வருஷத்துக்கு ஒரு உட்கோப்புறை என்று வைத்திருந்தால் இந்தத் தேடலே எதற்கு? வந்த மெயிலை எல்லாம் இன்பாக்ஸில் கொட்டி வைத்துவிட்டுத் தேடலைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய மெயிலை அழிக்கவும் மாட்டேன் என்கிறார்கள்.

---

தோப்புக்கணக்கு | புதன், காலை 9:50

பாசஞ்சர் அண்ணா, அழிக்க முடியாதுங்க. ஜிஎஸ்டி சட்டம் 36-ம் பிரிவு, ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. 2021-22-க்கு 2028 டிசம்பர் வரை வருகிறது. பில் மெயிலில்தான் வருகிறது, அதனால் மெயிலும் இருந்தாக வேண்டும்.

கோப்புறை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ஒரே மெயிலில் ரெண்டு குடோன் பில்லையும் சேர்த்து அனுப்புகிறவர்களை எந்தக் கோப்புறையில் போடுவது?

---

நகரித்_தறி (நகரி, ஆந்திரா) | புதன், மதியம் 12:30

இங்கேயும் எல்லைதான், 37-ம் 33-ம். விசைத்தறித் துணி, திருத்தணிப் பக்கமும் போகும். இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் எனக்கு ஏன் தொகை தேடினால் வருவதில்லை என்று புரிந்தது. 125000 என்று தேடுகிறேன். பில்லில் 1,25,000 என்று இருக்கிறது. மேலே சொன்ன கணக்குப்படி அது 1, 25, 000 என்று மூன்று துண்டாகியிருக்கும், இல்லையா?

சொந்தக் கதை ஒன்று. எங்கள் மெயிலில் சித்தூர் என்று தேடினால் வியாபாரம் பண்ணாத ஊர்க்காரர்களெல்லாம் வருகிறார்கள். பாலக்காட்டுப் பக்கமும் ஒரு சித்தூர் இருக்கிறதே, அங்கிருந்து நூல் கேட்டு எழுதியவர்கள். ஆங்கிலத்தில் எங்கள் ஊருக்கு இரட்டை 'ஓ', அவர்களுக்கு 'யூ' என்கிறார்கள். எழுதுகிறவர்கள் அதைப் பார்த்தா எழுதுகிறார்கள்? நான் இப்போது பின்கோடைச் சேர்த்துத் தேடுகிறேன். எங்களுக்கு 5-ல் தொடங்கும், அவர்களுக்கு 6.

---

பழைய_யூனிகோடன் | புதன், மதியம் 1:40

தொகை விஷயம் மென்பொருளைப் பொறுத்தது. சில, எண்ணுக்கு நடுவில் வரும் கமாவை விட்டுவிடும், சில வெட்டும். இரண்டு மாதிரியும் போட்டுப் பாருங்கள். கமாவோடு போடும்போது மேற்கோள் குறிக்குள் போட்டால் துண்டுகள் அடுத்தடுத்து வரும் மெயில்கள் மட்டும் வரும்.

பின்கோடு யோசனை அருமை.

---

மறையூர்ச்_சர்க்கரை | புதன், இரவு 8:15

அண்ணே, எனக்கு இதைவிட மோசம். தலைப்பு, அனுப்பினவர் பேர் வச்சுத் தேடினா வருது. மெயில் உள்ள இருக்கிற வார்த்தைய தேடினா பாதிக்கு மேல வரவே இல்ல. முழு வார்த்தைதான் போடுறேன், எழுத்துப் பிழையும் இல்ல. நெட் இங்க வந்தா உண்டு, இல்லாட்டி இல்லை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

---

பழைய_யூனிகோடன் | புதன், இரவு 10:10

இருக்கிறது தம்பி. நேரடிச் சம்பந்தம்.

நீங்கள் ஐமேப் முறையில், அதாவது மெயில் சர்வரிலேயே இருக்கும் முறையில், கணக்கை இணைத்திருப்பீர்கள். டேட்டாவை மிச்சம் பிடிக்க "இந்தக் கணக்கின் மெயில்களைக் கணினியில் வைத்திரு" என்ற அமைப்பை எடுத்துவிட்டிருந்தால், மென்பொருள் தலைப்பு விவரங்களை மட்டும்தான் இறக்கும். நீங்கள் திறக்கும்போதுதான் உடல் வரும். இறங்காத உடலை எப்படி இண்டெக்ஸ் போடும்? ஆனால் பட்டியலில் மெயில் முழுசாக இருப்பதுபோல்தான் தெரியும். நல்ல சிக்னல் உள்ள ராத்திரியில் ஆஃப்லைன் ஒத்திசைவை இயக்கிவிட்டு, எல்லாம் இறங்கும்வரை திறந்தே வைத்திருங்கள். தண்டர்பேர்டில் கருவிகள் பட்டியலில் செயல்பாட்டு மேலாளர் என்று ஒரு சாளரம் இருக்கிறது, இண்டெக்ஸ் எங்கே நிற்கிறது என்று அதில் பார்க்கலாம். கம்ப்யூட்டர் வேறு வேலையில் இருந்தால் இண்டெக்ஸர் ஒதுங்கி நின்றுவிடும், அதனால் அவசரப்படக் கூடாது.

இதையொட்டி, "இல்லை" என்ற பொய்ப் பதில் வரக்கூடிய வேறு இடங்களையும் எழுதிவிடுகிறேன், ஒரே இடத்தில் இருக்கட்டும்.

எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர்) கணக்கை அவுட்லுக்கில் வைத்திருப்பவர்களுக்கு "எவ்வளவு காலத்து மெயிலை ஆஃப்லைனில் வைப்பது" என்று ஒரு நகர்த்தி உண்டு. பெரும்பாலும் ஓராண்டில் நிற்கும். அதற்கு முந்தையது கம்ப்யூட்டரிலேயே இல்லை, முடிவுப் பட்டியலின் அடியில் சர்வரில் இன்னும் தேட ஒரு இணைப்பு வரும், அதைச் சொடுக்க வேண்டும். பல பேர் அடிவரைக்கும் போவதே இல்லை. முடிவுகளை 250-க்குள் நிறுத்தி வேகமாகக் காட்டும் அமைப்பும் அதே அவுட்லுக்கில் இருக்கிறது. அது இயங்கினால் நல்ல பழைய மெயில்கள் விளிம்புக்கு வெளியே போய்விடும். நீக்கப்பட்டவை கோப்புறையைத் தேடலில் சேர்ப்பதற்கும் தனியாக ஒரு டிக் உண்டு.

தண்டர்பேர்டில் குப்பையும் ஸ்பாமும் உலகளாவிய தேடலில் சேராது. ஒவ்வொரு கோப்புறையின் பண்புகளிலும் "உலகளாவிய தேடலில் சேர்" என்று ஒரு பெட்டி இருக்கிறது. அது எடுபட்டிருந்தால் அந்தக் கோப்புறை தேடலுக்கு இல்லவே இல்லை.

இணைப்புகள் தனி வில்லங்கம். தண்டர்பேர்ட் இணைப்பின் பெயரைத்தான் இண்டெக்ஸ் போடும், உள்ளடக்கத்தை அல்ல. விண்டோஸ் சர்ச் பிடிஎஃப் உள்ளே போகும், ஆனால் கடவுச்சொல் போட்ட வங்கி அறிக்கைக்குள் போக முடியாது. ஸ்கேன் செய்த பில் என்றால் அது வெறும் படம். மறையாக்கம் செய்த மெயிலின் உடலும் இப்படித்தான் வெளியே நிற்கும்.

---

வேலந்தாவளம்_பஸ் | வியாழன், காலை 8:00

நான் ஒரு வரி எழுதினேன், இங்கே பெரிய பாடமே நடக்குது.

எனக்கும் ஒரு சந்தேகம். என் மென்பொருளில் "இண்டெக்ஸ் முடிந்தது, மிச்சம் 0" என்று காட்டுகிறது. அப்போது எல்லாம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்தானே?

---

செங்கோட்டைப்_பாசஞ்சர் | வியாழன், காலை 8:45

அதற்குக் கொடுத்த வேலை முடிந்தது என்று அர்த்தம். கொடுக்காத வேலை மிச்சத்தில் வராது. இண்டெக்ஸ் கோப்பே கெட்டுப்போயிருந்தாலும் 0 என்று காட்டக்கூடும். சந்தேகம் வந்தால் கட்டி எழுப்புங்கள்: விண்டோஸில் இண்டெக்ஸ் விருப்பங்கள், மேம்பட்டவை, மீண்டும் கட்டு. தண்டர்பேர்டை மூடிவிட்டு ப்ரொஃபைல் கோப்புறையில் குளோபல்-மெசேஜஸ்-டிபி என்று தொடங்கும் எஸ்கியூலைட் கோப்பை அழித்தால், திறந்ததும் தானே புதிதாகப் போட ஆரம்பிக்கும். மெயில் அழியாது, இண்டெக்ஸ் மட்டும்தான். பெரிய பெட்டி என்றால் ராத்திரி விட்டுவிடுங்கள், அது முடியும்வரை தேடல் இன்னும் மோசமாக இருக்கும்.

(நான் இண்டெக்ஸுக்கு வக்காலத்து வாங்குகிறவன்தான், குருட்டு பக்தன் இல்லை.)

---

கல்பாத்தி_பெயர்ப்பு (பாலக்காடு) | வியாழன், மதியம் 2:20

மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். எண்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். எழுத்துகளின் நிலைமை இதைவிடக் கஷ்டம் என்று சொல்ல வந்தேன்.

தமிழில் சொல் நின்ற இடத்தில் நிற்காது. "நார்" என்று தேடுகிறேன். மெயிலில் "நாரை அனுப்பியாச்சு", "நாரில் ஈரம் இருக்கு" என்றிருக்கிறது. முழுச் சொல் பார்க்கும் தேடலில் இரண்டும் வராது. சொல்லின் தொடக்கத்தைப் பார்க்கும் தேடலிலும் வராது, ஏனென்றால் "நார்" என்பதில் கடைசியில் புள்ளி ஒரு தனிக் குறியாக நிற்கிறது, "நாரை" என்பதில் அந்த இடத்தில் ஐகாரக் குறி. நான் கண்டுபிடித்த குறுக்கு வழி: கடைசிப் புள்ளியை, உயிர்க்குறியைத் தட்டாமல் "நார" என்று நிறுத்துவது. தொடக்கத்தைப் பிடிக்கும் மென்பொருளில் நார், நாரை, நாரில், நாருக்கு எல்லாமே வந்துவிடும். "வீடு" என்றால் "வீட". அப்போதுதான் "வீட்டு வரி"யும் கிடைக்கும். மரம் என்பதற்கு "மர" என்றால் "மரத்தை" என்பதும் வரும், மரபும் மரணமும் சேர்ந்து வரும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லையைக் குறைக்க 1980-லேயே போர்ட்டர் என்பவர் விகுதியைச் சீவிவிடும் முறை ஒன்றை வெளியிட்டார். இன்றைக்கும் பல தேடல்களில் அதன் வழிவந்தவைதான் ஓடுகின்றன. நம் மொழிக்கு மெயில் மென்பொருள்களில் அப்படி ஒன்று இயங்கி நான் பார்த்ததில்லை.

மலையாளத்தில் வேறு மாதிரி. சில்லெழுத்துகள் (உயிர் சேராமல் தனித்து நிற்கும் மெய்கள்) 2008-ல், எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தின் 5.1 பதிப்பில்தான் தனி எழுத்துகளாகச் சேர்ந்தன. அதற்கு முன் மெய்யெழுத்து, சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரி), கண்ணுக்குத் தெரியாத இணைப்பி என்று மூன்றைச் சேர்த்துத்தான் தட்டினோம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். யூனிகோடு இரண்டையும் சமம் என்று அறிவிக்கவில்லை. ஆகவே நாராயணன் என்ற பெயரை இன்றைய விசைப்பலகையில் தட்டித் தேடினால் பழைய மெயில்களில் உள்ள நாராயணன்கள் அப்படியே மறைந்து நிற்கிறார்கள். ஒரே ஆசிரியருக்கு எழுதிய கடிதங்கள் இரண்டு குவியலாகப் பிரிந்து கிடக்கின்றன. நான் இரண்டு வடிவத்தையும் ஒரு கோப்பில் எழுதி வைத்து, இரண்டையும் ஒட்டித் தேடுகிறேன்.

அதற்கும் முந்தைய தமிழ் மெயில்கள் டிஸ்கி, டேப், பாமினி என்ற பழைய எழுத்து முறைகளில் வந்தவை. அவற்றை எந்தத் தேடலும் தமிழாகவே பார்க்காது. யூனிகோடுக்கு மாற்றி எடுத்து வைத்தால் உண்டு.

---

தோப்புக்கணக்கு | வியாழன், மாலை 5:05

அக்கா, எங்கள் ஊர்ப் பெயரிலேயே சந்தேகம் வந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறை என்று தமிழில் தேடினால் முதலாளி அனுப்பியது வருகிறது, லாரி ஆபீஸ்காரர் அனுப்பியது வருவதில்லை. எழுத்து அச்சு அசல் ஒன்றுதான்.

---

பழைய_யூனிகோடன் | வியாழன், இரவு 9:40

"கொ" தான் காரணமாக இருக்கும். அதை ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். சில பழைய விசைப்பலகைகள் இரண்டாவது வழியில் தட்டின. யூனிகோடு கணக்கில் இவை இரண்டும் சமம். மென்பொருள் இண்டெக்ஸ் போடும் முன்பு ஒரே வடிவத்துக்குச் சீர்படுத்தினால் பிரச்சினை வராது. செய்யாத மென்பொருளில் உங்கள் ஊர் இரண்டு ஊர். "ழிஞ்சாம்" என்று எழுத்து வாரித் தேடலில் போட்டுப் பாருங்கள், இரண்டும் வந்தால் அதுதான்.

"ஔ" இன்னும் மோசம். ஒ பக்கத்தில் ள போட்டு எழுதுகிறவர்கள் ஏராளம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் யூனிகோடுக்கு அவை வேறு வேறு, சீர்படுத்தினாலும் சேராது.

தேடல் எழுதும் நிரலாளர்கள் யாராவது படித்தால் இதையும் கவனிக்கவும். எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 என்ற உரைத் தேடல் பகுதியில் யூனிகோடு61 என்ற சொல்வெட்டி, இயல்பாக எழுத்து, எண் வகைகளை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுக்கும். நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் "குறி" வகை, எழுத்து வகை அல்ல. அதனால் அவற்றைச் சொல்லின் எல்லை என்று நினைத்து அங்கேயே வெட்டிவிடுகிறது. வீடு என்பது வ, ட என்று இரண்டு துண்டாகும். வீடு, விடு, வாடி மூன்றும் அதற்கு ஒன்றே. தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான். குறி வகைகளையும் சேர்த்துக்கொள் என்று அமைப்பில் ஒரு வரி கொடுத்தால் சரியாகிவிடும். தண்டர்பேர்ட் இதைப் பயன்படுத்துவதில்லை, அதற்கு முந்தைய எஃப்டிஎஸ்3-ன் மேல் போர்ட்டர் வழியைத் தன் தேவைக்கு மாற்றி வைத்திருக்கிறது. ஆனால் எஸ்கியூலைட்டை எடுத்துத் தேடல் கட்டும் சின்ன மென்பொருள்கள் நிறைய. அந்த ஒரு வரியை எழுத மறந்தவர் நம் மொழியில் ஒரு முறையும் தேடிப் பார்த்திருக்க மாட்டார்.

---

செங்கோட்டைப்_பாசஞ்சர் | வெள்ளி, காலை 7:10

நேற்று ராத்திரி எனக்கும் ஆசை வந்தது. இண்டெக்ஸே வேண்டாம், லினக்ஸில் எம்பாக்ஸ் கோப்பின் (ஒரு கோப்புறை மெயிலெல்லாம் சேர்ந்திருக்கும் கோப்பு) மேல் நேராக கிரெப் என்ற எழுத்துத் தேடும் நிரலை ஓட்டலாம் என்று பார்த்தேன். ஆங்கிலமும் எண்களும் பரவாயில்லை. தமிழ் ஒன்றுகூட வரவில்லை. மெயிலில் தமிழ் பெரும்பாலும் பேஸ்64 வடிவத்தில்தான் பயணம் செய்கிறது, கோப்பில் பார்த்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. குவோட்டட்-பிரிண்டபிள் என்ற இன்னொரு வடிவம் என்றால் 76 எழுத்துக்குள் வரியை முறித்துவிடும், ஆங்கிலச் சொல்கூட வரி மாறி உடைந்து கிடக்கும். ஆகவே எழுத்து வாரித் தேடல் வேண்டும் என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதலில் மெயிலை அவிழ்த்துவிட்டுத்தான் தேட வேண்டும். அது இண்டெக்ஸர் செய்யும் வேலையில் பாதி.

கடைசியில் ரீகால் போட்டிருக்கிறேன். ஸாபியன் என்ற தேடல் நூலகத்தின் மேல் ஓடுவது. தண்டர்பேர்டின் எம்பாக்ஸையும் இணைப்புகளையும் சேர்த்துப் பார்க்கும். சொல்லின் முன்னாலேயே நட்சத்திரக் குறி போடலாம், மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும். தோப்புக்கணக்கின் பான் எண் விஷயத்துக்கு இது சரிப்படும். விண்டோஸ் பதிப்புக்குக் கொஞ்சம் காசு கேட்பார்கள், லினக்ஸில் இலவசம்.

அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பாக இருந்தால் ரீட்பிஎஸ்டி என்ற நிரலால் எம்பாக்ஸாக மாற்றிக்கொண்டு செய்யலாம்.

---

நகரித்_தறி | வெள்ளி, காலை 9:25

அப்படியானால் மெயில் மென்பொருளின் தேடலைச் சரி செய்ய இன்னொரு மென்பொருள்! அதற்கும் ஒரு இண்டெக்ஸ், டிஸ்கில் இடம்.

---

செங்கோட்டைப்_பாசஞ்சர் | வெள்ளி, காலை 9:31

ஆமாம். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

---

கல்பாத்தி_பெயர்ப்பு | வெள்ளி, காலை 11:00

ஒன்று கேட்கலாமா? ரீகாலில் "நார" போன்ற பாதிச் சொல்லுக்குப் பின்னால் நட்சத்திரம் போட வேண்டுமா, தானாக எடுக்குமா?

---

செங்கோட்டைப்_பாசஞ்சர் | வெள்ளி, காலை 11:20

போட வேண்டும் அம்மா. நார, அதை ஒட்டி நட்சத்திரம்.

---

தோப்புக்கணக்கு | சனி, மாலை 6:15

ஆடிட்டருக்கு மெயில்கள் போயாச்சு. பெரிய பெட்டியில் தேடியதோடு நிற்காமல் எழுத்து வாரித் தேடலையும் ஓட்டினேன். அதில் இன்னும் ரெண்டு பில் கூடுதலாக வந்தது. ஒன்றில் ஜிஎஸ்டி எண்ணின் கடைசி 3 எழுத்துக்கு முன்னால் இடைவெளி விட்டுத் தட்டியிருந்தார்கள், மாநில எண்ணும் பானும் ஒட்டியே இருந்தது.

இனிமேல் நாங்கள் அனுப்புகிற பில் மெயிலின் தலைப்பில் பான் எண்ணைத் தனிச் சொல்லாக, முன்னும் பின்னும் இடைவெளி விட்டு எழுதுகிறோம். பில் எண்ணில் சாய்கோட்டை விட்டுவிட்டு ஒரே தொடராக எழுதலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "வருஷ நடுவுல வரிசை மாத்தினா ஆடிட்டர் திட்டுவாரு, ஏப்ரல்ல பாத்துக்கலாம்" என்றார்.

லாரி ஆபீஸ் மெயிலை "ழிஞ்சாம்" போட்டுத் தேடினேன், வந்தது. அவர் எந்த விசைப்பலகையில் தட்டுகிறார் என்று திங்கள்கிழமை கேட்டு எழுதுகிறேன். மறையூர்த் தம்பி, உங்களுக்கு முழுசாக இறங்கிவிட்டதா?

---

மறையூர்ச்_சர்க்கரை | சனி, இரவு 9:50

பாதி இறங்கியிருக்கு அண்ணே. மழை, கரண்டு போயிடுச்சு.